உப்பு, சீனி, உரம், ஜீவனி: தண்ணில கரையிற சாமான் தண்ணிய என்ன பண்ணுது? நம்ம மலையகத்துல கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஏ/எல் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைங்க, மரக்கறி தோட்டம் செய்ற அண்ணன்மாரு, வீட்டுல ஜேம் போட்டு விக்கிற அக்காமாரு, இவங்க எல்லாரும் வேற வேற மாதிரி கேக்குறது கடைசில ஒரே விஷயமாத்தான் இருக்குது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். கணக்கு வேணும்னா கணக்கு இருக்கு, வேணாம்னா அந்த வரிய தாண்டிட்டு வாசிங்க, வெளங்கும்.

ஒன்ன தண்ணில கரைச்சா அந்த தண்ணில என்னதான் மாறுது?

நெறைய மாறும். நிறம், ருசி, அடர்த்தி, பிசுபிசுப்பு, கரண்ட் கடத்துறது இதெல்லாம் மாறுது, ஆனா இதெல்லாம் நீங்க *என்னத்த* கரைச்சீங்கங்கிறத பொறுத்து மாறும். உப்பு கரைச்ச தண்ணி கரண்ட நல்லா கடத்தும், சீனி கரைச்ச தண்ணி கடத்தாது.

இன்னொரு நாலு விஷயம் இருக்கு, அதுக்கு என்ன சாமான்ங்கிற கவலையே இல்ல, *எத்தன* துணிக்கை கரைஞ்சிருக்குங்கிறது மட்டும்தான் கணக்கு. ஆவியமுக்கம் குறையும், கொதிநிலை ஏறும், உறைநிலை எறங்கும், பிரசாரண அமுக்கம் (மென்சவ்வு வழியா தண்ணி செறிவு கூடுன பக்கத்துக்கு இழுபடுறதால வர்ற அமுக்கம்) உண்டாகும். இந்த நாலையும் சேத்து தொகைசார் இயல்புகள்னு சொல்றாங்க. கீழ வர்ற பதில் எல்லாமே இந்த நாலுல ஒன்னுதான்.

எத்தனங்கிறது மட்டும்தான் கணக்குன்னா, 10 கிராம் உப்பும் 10 கிராம் சீனியும் ஒன்னுதானே?

இல்ல, இங்கதான் நெறைய பிள்ளைங்க வழுக்குறாங்க. கிராம் வேற, எண்ணிக்கை வேற. தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேர பதியிற செக்ரோல்ல பேர் போடுறப்ப ஆள் ஒல்லியா குண்டான்னு பாக்குறதில்ல, ஒரு ஆளுக்கு ஒரு பேர், அதே மாதிரித்தான் இங்க ஒரு துணிக்கைக்கு ஒரு பேர்.

மூல்ங்கிறது டசன் மாதிரி, துணிக்கைய எண்ணுற ஒரு அளவு. சீனி மூலக்கூறு பெருசு, ஒரு மூல் 342 கிராம். உப்பு ஒரு மூல் 58.5 கிராம்தான், அதுவும் தண்ணில விழுந்த ஒடனே சோடியம் ஒன்னு குளோரைட்டு ஒன்னுன்னு ரெண்டு அயனா (மின்னேத்தம் உள்ள துணிக்கையா) பிரிஞ்சிரும். இப்ப கணக்கு போடுங்க. 10 கிராம் சீனில 0.029 மூல் துணிக்கை. 10 கிராம் உப்புல 0.171 மூல், ரெண்டா பிரியிறதால 0.342 மூல். அப்ப ஒரே நிறைக்கு உப்பு கிட்டத்தட்ட 12 மடங்கு வேல செய்யுது! ஊறுகாய்க்கு உப்பு கொஞ்சமா போட்டாலே போதும் ஆனா ஜேமுக்கு சீனிய கிலோ கணக்குல கொட்டணும்னு ஆனதுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

மழை காலத்துல உப்பு போத்தல்ல தண்ணி விடுதே, அது ஏன்?

இந்த கேள்விய யாரும் கெமிஸ்ட்ரி கேள்வின்னு நெனைக்கிறதில்ல, ஆனா ஆவியமுக்கம் குறையிறத கண்ணால பாக்க இதவிட நல்ல எடம் கெடையாது.

தண்ணி எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போய்க்கிட்டேதான் இருக்கும், காத்துல இருக்கிற ஆவியும் திரும்பி தண்ணிக்குள்ள வந்துக்கிட்டே இருக்கும். தண்ணில ஏதாவது கரைஞ்சிருந்தா வெளிய போறது குறைஞ்சிரும். மேல்பக்கத்துல கரைஞ்ச துணிக்கை எடத்த புடிச்சுக்குது அதான்னு சில நோட்ஸ்ல இருக்கும், அது முழு காரணம் இல்ல. கலந்து கெடக்குற நெலைமை தண்ணி மூலக்கூறுக்கு ஏற்கனவே ஒழுங்கில்லாத, பரவலான ஒரு நெல, அதனால அங்கிருந்து ஆவியா ஓடணும்ங்கிற நாட்டம் கொறையுது. எவ்வளவு கொறையுதுன்னு அளந்து 1880கள்ல சொன்னவர் பிரான்சுவா மாரி ராவுல்ட், பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல இருக்கிற கிரெனோபிள் ஊர்ல பேராசிரியரா இருந்தவர். அவர் சொன்னது: தண்ணியோட ஆவியமுக்கம், மொத்த துணிக்கைல தண்ணி துணிக்கை எத்தன பங்கோ அந்த பங்குக்குத்தான் இருக்கும்.

உப்பு நல்லா செறிவா கரைஞ்ச தண்ணியோட ஆவியமுக்கம் சுத்தமான தண்ணியோடதுல சுமார் 75 வீதம்தான். அப்ப காத்துல ஈரப்பதன் 75 வீதத்த தாண்டிட்டா என்ன நடக்கும், உப்பு மேல இருந்து போற தண்ணிய விட காத்துல இருந்து வந்து சேர்ற தண்ணி கூட, உப்பு கல்லு மேல ஒரு ஈரம் படியும், அது உப்ப கரைக்கும், கரைஞ்சது இன்னும் தண்ணிய இழுக்கும். கினிகத்தேன, வட்டவள பக்கம் ஜூன் ஜூலைல மழை புடிச்சா நாள் கணக்கா 75க்கு கீழ எறங்காது, அதான் போத்தல் அடில தண்ணி. உப்புல கொஞ்சம் மக்னீசியம் குளோரைட்டு கலந்திருந்தா இன்னும் மோசம், அது 33 வீதத்துலயே தண்ணி இழுக்க ஆரம்பிச்சிரும். அடுப்பு பக்கத்துல வச்சா சரியாகுறது ஏன்னா அங்க காத்து சூடாகி ஈரப்பதன் எறங்கிருது. மூடி இறுக்கமா மூடுற போத்தல்தான் சரியான மருந்து.

நுவரெலியாவுல கடலை வேகவே மாட்டேங்குது. உப்பு போட்டா தண்ணி கூட சூட்டுல கொதிக்கும், சீக்கிரம் வேகும்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. உப்பு போட்டா கொதிநிலை ஏறும்ங்கிறது சரி. எவ்வளவு ஏறும்னு கேட்டா ஆள் அசந்துருவீங்க.

முதல்ல நம்ம பிரச்சினை எவ்வளவு பெருசுன்னு பாப்போம். மேல போகப்போக காத்து அமுக்கம் கொறையும், தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். கொழும்புல 100 டிகிரி. பதுளை சுமார் 680 மீட்டர், அங்க 98க்கு கொஞ்சம் கீழ. ஹட்டன் 1270 மீட்டர் பக்கம், அங்க 96. நுவரெலியா 1868 மீட்டர், அங்க 94. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரின்னு வச்சுக்கலாம். தண்ணி தளதளன்னு கொதிக்கிறதால சூடு போதும்னு நமக்கு தோணுது, ஆனா கொதிக்கிறது 94லதான், நீங்க வெறகு எவ்வளவு தள்ளுனாலும் 94க்கு மேல போகாது, தண்ணி சீக்கிரம் வத்தும் அவ்வளவுதான்.

இப்ப உப்பு. 1 கிலோ தண்ணில 1 மூல் துணிக்கை கரைஞ்சா கொதிநிலை 0.512 டிகிரி ஏறும், தண்ணிக்கு அதுதான் மாறிலி. ஒரு லீட்டருக்கு 10 கிராம் உப்பு போடுறீங்க, அதுவே கரிக்கும். 0.342 பெருக்கல் 0.512, வர்றது 0.175. கால் டிகிரி கூட இல்ல! கொழும்போட 100 டிகிரிய நுவரெலியாவுல கொண்டு வரணும்னா ஒரு லீட்டர் தண்ணிக்கு கால் கிலோவுக்கும் மேல உப்பு கொட்டணும். அத வாயில வைக்க முடியாது.

வேல செய்றது பிரஷர் குக்கர். சாதாரணமா வர்ற 15 பி.எஸ்.ஐ (அமுக்கத்த அளக்குற அலகு) வெயிட் போட்ட குக்கர் நுவரெலியாவுலயும் உள்ளுக்குள்ள 118 டிகிரி பக்கம் கொண்டு போயிரும். கொழும்புல அதே குக்கர் 121. அதனால அங்க ஒரு நேரம் எழுதியிருந்தா இங்க கொஞ்சம் கூட வைங்க.

ஆனா ராத்திரி கடலைய உப்பு தண்ணில ஊற வச்சா தோல் மெதுவாகுதுன்னு அம்மாமாரு சொல்றது சரியான பேச்சு. அதுக்கு காரணம் கொதிநிலை இல்ல, உப்புல இருக்கிற சோடியம் கடலைத் தோல்ல இருக்கிற கல்சியத்த கொஞ்சம் வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல போய் ஒக்காந்துக்குது, தோல் இளகுது. பழக்கம் சரி, சொல்ற காரணம்தான் வேற.

தேத்தண்ணிக்கு சீனி முன்னாடி போட்டா சூடு கூட நிக்குமா?

நிக்காது. ஒரு கோப்பைக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டா கொதிநிலை 0.1 டிகிரி மாறும், அத ஒங்க நாக்கும் கண்டுபிடிக்காது, சாதாரண தேர்மாமீட்டரும் கண்டுபிடிக்காது. எப்ப வேணும்னாலும் போடுங்க.

ஸ்ட்ரோபெரி ஜேம் 105 டிகிரி வரைக்கும் காய்ச்சணும்னு யூடியூப்ல சொல்றாங்க. நம்ம ஊர்ல அப்டி காய்ச்சுனா கட்டி ஆகி கருகிருது. என்ன தப்பு?

ஒங்க கைல தப்பு இல்ல அக்கா. அந்த 105 கடல் மட்டத்துல இருக்கிறவங்களுக்கு எழுதுனது. இது எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி, ஏன்னா இதுல பணமே நட்டமாகுது, ஒரு சட்டி பழமும் சீனியும் வீணா போகுது.

ஜேம் காயக்காய தண்ணி ஆவியா போகும், சீனி செறிவு ஏறும், செறிவு ஏறுனா கொதிநிலை ஏறும். அப்ப கொதிக்கிற சூட்ட பாத்தே உள்ள எவ்வளவு சீனி இருக்குன்னு சொல்லிரலாம், தேர்மாமீட்டர் இங்க சீனி அளக்குற கருவியா வேல செய்யுது. ஜேம் சரியா உறையிற நேரம் சீனி 65 வீதம் கிட்ட இருக்கும், அப்ப அதோட கொதிநிலை *அந்த ஊர்ல வெறும் தண்ணி கொதிக்கிற சூட்ட விட* 4, 5 டிகிரி கூட இருக்கும். கொழும்புல 100 கூட்டல் 4.5, அதான் 104, 105ன்னு சொல்றாங்க. நுவரெலியாவுல 94 கூட்டல் 4.5, வர்றது 98.5. ஹட்டன்ல 100.5.

நீங்க நுவரெலியாவுல ஒக்காந்து 105 வர்ற வரைக்கும் காய்ச்சுனா தண்ணிய விட 11 டிகிரி கூட போகுது, அது ஜேம் இல்ல, டொஃபி ஆகுற வழி.

செய்ய வேண்டியது இதுதான். அன்னிக்கு அதே தேர்மாமீட்டர முதல்ல வெறும் தண்ணி கொதிக்கிறதுல வச்சு பாருங்க, காட்டுற எண்ண ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, அதோட நாலரைய கூட்டுங்க, அதுல அடுப்ப அணைங்க. தேர்மாமீட்டரே ஒரு டிகிரி பிழையா காட்டுனாலும் இந்த வழில பிழை அடிபட்டு போயிரும். கூடவே குளிர்ந்த பீங்கான் தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளி பாருங்க, மேல் தோல் சுருங்குனா சரி. கித்துள் பாணி காய்ச்சுறவங்களுக்கும் இதே கதைதான், கடல் மட்டத்து எண்ண அப்டியே எடுக்காதீங்க.

ஏ/எல் பிள்ளைங்களுக்கு ஒன்னு: 65 வீத சீனிக்கு 0.512 போட்டு கணக்கு பாத்தா 2.8 தான் வரும், 4.5 வராது. அந்த சமன்பாடு ஐதான, அதாவது செறிவு கொறைஞ்ச கரைசலுக்கு மட்டும்தான் சரி, செறிவு கூட கூட உண்மையான அளவு கணக்க விட்டு வெலகிரும். பரீட்சைக்கு சமன்பாடு, ஜேமுக்கு தேர்மாமீட்டர்.

உப்பு தண்ணி உறையிறது கஷ்டம்னா, பனி கொட்டுற நாள்ல இலைக்கு உப்பு தண்ணி அடிச்சா பயிர் தப்பாதா?

தயவு செஞ்சு அடிச்சிராதீங்க. ஜனவரி பெப்ரவரில கந்தப்பொல, அம்பேவெல பக்கம் வெடியக்காத்தால புல்லு எல்லாம் வெள்ளையா கெடக்குறப்ப மனசு என்னத்தயாவது செய்யணும்னு துடிக்கும், அது எனக்கு நல்லா தெரியும், ஒரு ராத்திரில உருளக்கிழங்கு பாத்தியும் கொழுந்து மலையும் கருகி நிக்கிறத பாத்தவங்களுக்கு அந்த துடிப்பு வெளங்கும். ஆனா உப்பு அதுக்கு மருந்தில்ல.

கணக்கு பாருங்க. 1 கிலோ தண்ணில 1 மூல் துணிக்கை கரைஞ்சா உறைநிலை 1.86 டிகிரி எறங்கும். ரெண்டு டிகிரி எறக்கணும்னா ஒரு லீட்டருக்கு 31 கிராம் உப்பு வேணும். கடல் தண்ணிலயே 35 கிராம் பக்கம்தான் இருக்கு, அது உறையிறது மைனஸ் 1.9ல. அப்ப நீங்க ஒங்க கோவாவுக்கும் கிழங்குக்கும் கடல் தண்ணிய அடிக்கப்போறீங்க. பனில தப்புன இலை உப்புல கருகும், அது மண்ணுக்கும் எறங்கி அடுத்த போகத்தையும் கெடுக்கும்.

சந்தோஷமான விஷயம் என்னன்னா செடி இந்த வேலைய தானே செஞ்சுக்குது. இலைக்குள்ள இருக்கிறது வெறும் தண்ணி இல்ல, சீனி, பொட்டாசியம், அமிலம்னு நெறைய கரைஞ்சிருக்கு, அதனால அது 0 டிகிரில உறையாது, ஒரு டிகிரி பக்கம் கீழ போனாத்தான் உறைய பாக்கும். அந்த சின்ன இடைவெளிதான் செடியோட உயிர். பனி ராத்திரில தண்ணிய விடாம தெளிச்சுக்கிட்டே இருந்தா இலை தப்பிக்கிறதுக்கும் இதுதான் காரணம்: இலை மேல தண்ணி உறையிறப்ப ஒவ்வொரு கிராமும் 334 ஜூல் சூட்ட வெளிய விடுது, அதனால இலை 0 டிகிரில நிக்கும், 0ல வெளித்தண்ணி உறையும் ஆனா உள்தண்ணி உறையாது. தெளிக்கிறத பாதில நிப்பாட்டுனா பிரச்சினை, ஈரம் ஆவியா போறப்ப இலை இன்னும் குளிர்ந்துரும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி அடிச்சு பனிய கழுவி விடுறது நம்ம ஆளுங்க வழக்கமா செய்றது.

இன்னொன்னும் சொல்லணும். ரேடியோல 2 டிகிரின்னு சொல்றாங்களே, அப்பறம் எப்டி உறைஞ்சுச்சுன்னு கேக்குறாங்க. அவங்க அளக்குறது தரைக்கு மேல இருக்கிற காத்த. மேகம் இல்லாத ராத்திரில இலை தன் சூட்ட வானத்துக்கு விட்டுட்டு காத்த விடவும் குளிர்ந்துரும், அதனால காத்து 2 டிகிரில இருக்கிறப்ப இலை 0க்கு கீழ போகலாம்.

அட்டைக்கு உப்பு போட்டா ஏன் அப்டி சுருண்டு விழுது?

மலைக்கு கொழுந்தெடுக்க போற பொம்பளைங்க கால்ல சவர்க்காரத்த பூசிக்கிறாங்க, ஒரு சின்ன துணில உப்ப முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிறாங்க. அந்த உப்பு முடிச்சுல இருக்கிறது சுத்தமான பிரசாரணம்.

அட்டையோட தோல் மெல்லிசு, எப்பவும் ஈரமா இருக்கும், தண்ணிய லேசா உள்ள வெளிய விடும், உப்ப அவ்வளவு லேசா விடாது. அது மேல உப்பு பட்ட ஒடனே தோல் ஈரத்துலயே உப்பு கரைஞ்சு ரொம்ப செறிவான ஒரு படலம் உண்டாகுது. வெளிய துணிக்கை கூட, தண்ணி பங்கு கொறைவு, உள்ள தண்ணி பங்கு கூட. தண்ணி எப்பவும் தன் பங்கு கூடுன எடத்துல இருந்து கொறைஞ்ச எடத்துக்குத்தான் ஓடும், அதனால அட்டை ஒடம்புல இருக்கிற தண்ணி நிமிஷத்துக்குள்ள வெளிய வருது. கிட்ட குனிஞ்சு பாத்தீங்கன்னா தெரியும், முதல்ல புடிய விடும், அப்பறம் முறுக்கிக்கிட்டு மேல எல்லாம் கொழகொழன்னு ஒரு நீர் கசியும், மினுமினுப்பு போயி ஒடம்பு சுருங்கிரும்.

ஏற்கனவே கடிச்சு புடிச்சுக்கிட்டிருக்கிற அட்டை மேல உப்பு கொட்டாம இருந்தா நல்லது. அது வயித்துல இருக்கிறத காயத்துக்குள்ள கக்கிரலாம். நகத்தால வாய் பக்கத்துல மெதுவா தள்ளி எடுத்துட்டு காயத்த கழுவுங்க. உப்பு, சவர்க்காரம் எல்லாம் ஏறாம தடுக்கிறதுக்கு.

பிரசாரண அமுக்கம்னு சொல்றாங்களே, அது நெசமாவே ஒரு அமுக்கமா?

நெசமான அமுக்கம், அதுவும் பயங்கரமானது. ஒரு லீட்டர்ல வெறும் 34 கிராம் சீனி இருக்கிற கரைசல எடுங்க, அதாவது 0.1 மூல். இதோட கொதிநிலை ஏறுறது 0.05 டிகிரி, உறைநிலை எறங்குறது 0.19 டிகிரி, ரெண்டும் ஒன்னுமே இல்லாத மாதிரி. ஆனா அதே கரைசல தண்ணிய மட்டும் விடுற மென்சவ்வுக்கு ஒரு பக்கமும் வெறும் தண்ணிய மறுபக்கமும் வச்சா உண்டாகுற அமுக்கம் சுமார் 2.4 வளிமண்டலம், அது தண்ணிய 25 மீட்டர் ஒசரத்துக்கு தூக்கி நிறுத்தும்.

1748ல ஜீன் அந்துவான் நொலேங்கிற பிரெஞ்சுக்காரர் பண்டி மூத்திரப்பைல மதுசாரத்த நெரப்பி தண்ணில போட்டு அது ஊதுறத பாத்தார். 1877ல வில்ஹெல்ம் ஃபெஃபர் இத எண்ணுல அளந்தார், அவர் செடிகள ஆராய்ஞ்ச ஆளு. அந்த எண்ணுகள எடுத்து வச்சுக்கிட்டு யாக்கோபுஸ் வான்ட் ஹோஃப் சொன்னது, கரைஞ்ச துணிக்கை தண்ணிக்குள்ள காட்டுற இந்த அமுக்கம் வாயுவுக்கு எழுதுற அதே சமன்பாட்டுக்கு அடங்குதுன்னு: செறிவு பெருக்கல் வாயு மாறிலி பெருக்கல் கெல்வின் வெப்பநிலை. 1901ல கெமிஸ்ட்ரிக்கு முதல் முதல்ல நோபல் பரிசு குடுத்தப்ப அவருக்குத்தான் குடுத்தாங்க, காரணமா சொன்னதுலயும் இந்த பிரசாரண அமுக்கம் இருக்கு.

உரம் போட்ட பெறகு செடி நுனி கருகுதே, அதுவும் இதுதானா?

இதேதான். யூரியா ஒரு மூல் 60 கிராம்தான், சின்ன மூலக்கூறு, கிராமுக்கு நெறைய துணிக்கை. காஞ்ச மண்ணுல வேர் பக்கத்துல கைப்புடி கைப்புடியா போட்டா மண்ணு தண்ணில செறிவு ஏறி வேருக்குள்ள போக வேண்டிய தண்ணி போகாம நிக்கும், ரொம்ப ஏறுனா வேர்ல இருந்தே தண்ணி வெளிய வரும். பக்கத்துல ஈரம் இருந்தும் செடி தாகத்துல காயுது. பிரிச்சு பிரிச்சு போடுங்க, ஈரம் இருக்கிறப்ப போடுங்க. இலைக்கு அடிக்கிற சிங்க் சல்பேட், யூரியா எல்லாம் சொன்ன அளவ விட ஒரு கரண்டி கூட போட்டா நல்லதுன்னு நெனைக்காதீங்க.

வயித்தோட்டத்துக்கு கரைச்சு குடுக்குற ஜீவனி பாக்கெட்ட ஏன் சரியா சொன்ன அளவு தண்ணில தான் கலக்கணும்? கொஞ்சம் தடிப்பா கலந்தா சத்து கூடாதா?

கூடாது, ஆபத்து கூடும். இத எல்லா அம்மாமாரும் பிள்ளமடுவத்துல வேல செய்றவங்களும் தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசப்படுறேன்.

நம்ம ரத்தத்துல ஒரு லீட்டருக்கு 285ல இருந்து 295 மில்லிமூல் வரைக்கும் துணிக்கை கரைஞ்சிருக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2002ல மாத்துன வாய்வழி நீரேற்ற கரைசல்ல அது 245, ரத்தத்த விட கொஞ்சம் கொறைவு, முன்னாடி இருந்த ஃபோர்முலால 311. இந்த கணக்கு 1 லீட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சிட்ரேட்னு வருது. கொறைவா வச்சா தண்ணி குடல்ல இருந்து ரத்தத்துக்கு லேசா போகும். குளுக்கோசு இருக்கிறது வெறும் சக்திக்கு இல்ல, குடல் சுவர்ல குளுக்கோசும் சோடியமும் சேந்துதான் உள்ள போகும், அதுங்க பின்னாடியே தண்ணி போகும்.

இப்ப நீங்க பாக்கெட்ட பாதி தண்ணில கலந்தீங்கன்னா துணிக்கை 490 ஆயிரும், குடலுக்குள்ள ரத்தத்த விட செறிவு கூட. அப்ப தண்ணி ஒடம்புல இருந்து குடலுக்கு வரும்! வயித்தோட்டம் நிக்கிறதுக்கு பதிலா கூடும், பிள்ளை இன்னும் வத்திப்போகும், ரத்தத்துல சோடியமும் ஏறும். சோடா, சீனி நெறைய போட்ட ஜூஸ் எல்லாம் வயித்தோட்டத்துக்கு குடுக்க வேணாம்னு டொக்டர்மார் சொல்றதும் இதுக்குத்தான். பாக்கெட்டுல எத்தன மில்லிலீட்டர்னு போட்டிருக்கோ அத அளந்து, கொதிச்சு ஆறுன தண்ணில கலங்க. பிள்ளை சோந்து போயி கண்ணு உள்ள போயிருந்தா, ஒன்னுக்கு போகாம இருந்தா காத்திருக்க வேணாம், ஒடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

ஆஸ்பத்திரில ஏத்துற சேலைனும் இப்டித்தான். லீட்டருக்கு 9 கிராம் உப்பு, ரெண்டு அயனா பிரிஞ்சு 308. ரத்தத்துக்கு கிட்டத்தட்ட சமம். வெறும் தண்ணிய நாளத்துல ஏத்துனா சிவப்பு ரத்த கலத்துக்குள்ள தண்ணி பாஞ்சு அது வெடிச்சிரும்.

ரம்பொட ஏத்தத்துல வேன் ரேடியேட்டர் கொதிச்சிருது. கூலன்ட் ஊத்துனா சரியாகுமா, அது குளிர் நாட்டுக்குத்தானே?

குளிர் நாட்டுல உறையாம இருக்க ஊத்துறாங்க, நமக்கு கொதிக்காம இருக்க. கூலன்ட்ல இருக்கிறது எத்திலீன் கிளைக்கோல், பாதிக்கு பாதி தண்ணியோட கலந்தா உறையிறது மைனஸ் 37 பக்கம், கொதிக்கிறது 107 பக்கம். ஏழு டிகிரி லாபம். ஆனா அதவிட பெரிய வேலைய செய்றது ரேடியேட்டர் மூடிதான், 15 பி.எஸ்.ஐ அமுக்கத்த புடிக்கிற மூடி மட்டுமே 20 டிகிரி கிட்ட ஏத்தி குடுக்கும். மூடி ரப்பர் தேஞ்சு அமுக்கம் புடிக்கலன்னா, மேல ஏற ஏற வெளிக்காத்து அமுக்கமும் கொறையிறதால சீக்கிரமே கொதிக்கும். அதனால கூலன்ட் வாங்குறதுக்கு முன்னாடி மூடிய பாருங்க. சூடா இருக்கிறப்ப மட்டும் தொறந்துராதீங்க, கையும் மூஞ்சியும் வெந்துரும். கிளைக்கோல் இனிக்கும், ஆனா நஞ்சு, பிள்ளைங்களும் நாயும் எட்டாத எடத்துல வைங்க.

ஐஸ்ல உப்பு போட்டா ஏன் இன்னும் குளிராகுது?

உப்பு பட்ட எடத்துல உறைநிலை எறங்கி ஐஸ் உருகும், உருகுறதுக்கு தேவையான சூட்ட பக்கத்துல இருந்தே உறிஞ்சும், அதனால எல்லாம் சேந்து குளிருது. சரியான அளவுல கலந்தா மைனஸ் 21 வரைக்கும் போகும்.

ஏ/எல் கணக்குல எங்க எங்க புள்ளி போகுது?

மூணு எடம். கொதிநிலை, உறைநிலை கணக்குல 1 கிலோ *தண்ணிக்கு* எத்தன மூல்னு எடுக்கணும், 1 கிலோ கரைசலுக்கு இல்ல. பிரசாரணத்துல வெப்பநிலைய கெல்வின்ல போடணும். மூணாவது அயன் கணக்கு: உப்புக்கு 2, கல்சியம் குளோரைட்டுக்கு 3, சீனிக்கும் யூரியாவுக்கும் 1.

அந்த 2ம் 3ம் கூட முழுசா கெடைக்காது. 0.1 மூல் அளவுல உப்புக்கு அளந்தா 1.87 பக்கம் வருது. தோட்டத்துக்கு அடிக்கிற எப்சம், அதாவது மக்னீசியம் சல்பேட்டு, 0.05 மூல்லயே 1.3தான். அயன்ல மின்னேத்தம் கூடுனா எதிரெதிர் அயன் ஒன்ன ஒன்னு இழுத்து பக்கத்துலயே வச்சுக்குது, தனித்தனி துணிக்கையா நடக்குறதில்ல. உப்பு தண்ணில அயனா பிரியுதுன்னு முதல்ல சொன்ன ஸ்வாந்தே அர்ரேனியஸோட 1884 ஆய்வுக்கு உப்சாலா பல்கலைக்கழகத்துல கொறைஞ்ச தரம்தான் குடுத்தாங்க, உறைநிலை அளவுகள் அவர் பக்கம் சாட்சி சொல்லுச்சு, 1903ல நோபல் பரிசு வந்துச்சு.

ஸ்கூல்ல லேப் வசதி இல்ல. வீட்டுலயே செஞ்சு பாக்க ஏதாவது இருக்கா சேர்?

இருக்கு, உருளக்கிழங்கு போதும். ஒரே கிழங்க விரல் தடிப்புல ஒரே நீளத்துக்கு நாலு துண்டா வெட்டிக்கோங்க, கடைல நகை நிறுக்கிற மாதிரி சின்ன தராசு கெடைச்சா ஒவ்வொன்னையும் நிறுத்து எழுதுங்க, இல்லாட்டி ரூலரால நீளத்த அளங்க. நாலு கோப்பைல தண்ணி எடுங்க: ஒன்னு வெறும் தண்ணி, மத்ததுல லீட்டருக்கு 5, 10, 30 கிராம் அளவுல உப்பு. துண்டுகள போட்டு ஒரு மணி ரெண்டு மணி நேரம் விட்டுட்டு தொடச்சு எடுங்க.

வெறும் தண்ணில இருந்தது வெறைச்சுக்கிட்டு டக்குனு ஒடியும், நிறையும் கூடியிருக்கும். 30 கிராம்ல இருந்தது ரப்பர் மாதிரி வளையும், நிறை கொறைஞ்சிருக்கும். நடுவுல ஒரு எடத்துல கூடவும் மாட்டாம கொறையவும் மாட்டாம நிக்கும், சாதாரணமா அது லீட்டருக்கு 10 கிராம் பக்கத்துல வரும். உப்ப கெடையா அச்சுலயும் நிறை மாத்தத்த நிலை அச்சுலயும் போட்டு கிராஃப் வரைங்க, கோடு பூச்சியத்த வெட்டுற எடத்த பாருங்க. அந்த உப்போட மூல் கணக்க ரெண்டால பெருக்குனா, ஒங்க கைல இருக்கிற கிழங்கோட கலத்துக்குள்ள ஒரு லீட்டருக்கு எத்தன மூல் துணிக்கை கரைஞ்சிருக்குன்னு வந்துரும்.